ராபர்ட் லா ஃபாலெட் (1855–1925)
விஸ்கான்சின் மாநிலத்தின் செனட்டர், 1906–1925
சிற்பி: ஜோ டேவிட்சன். பளிங்கு, 1929

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அடுத்த நொடியே எழுந்து பேசத் தொடங்கிவிடுவார் போலிருக்கிறது. சிற்பி ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

1908 மே மாதம் வங்கி மசோதா ஒன்றைத் தடுக்க 18 மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். தெம்புக்காக, பாலில் பச்சை முட்டை அடித்துக் கலந்த பானம் செனட் உணவகத்திலிருந்து வந்தது. ஒரு வாய் குடித்தவர் கெட்டுப்போனது என்று தள்ளிவிட்டார். சோதித்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. மசோதா என்னவோ நிறைவேறிவிட்டது!

ரயில்வே முதலாளிகளோடு மோதியதால் வந்த பகை ஒரு பக்கம். மறுபக்கம் போர் எதிர்ப்பு: 1917 ஏப்ரலில் ஜெர்மனி மீதான போர்ப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்த 6 செனட்டர்களில் இவரும் ஒருவர். ஆதரித்தவர்கள் 82 பேர். நாடே துரோகி என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் செயின்ட் பால் நகரில், ஜெர்மனி மீது நமக்குக் குறைகள் உண்டு என்றுதான் பேசினார். குறையே இல்லை என்று சொன்னதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி அனுப்பியது. பதவியைப் பறிக்கக் கோரி மனுக்கள் குவிந்தன. அவர் படித்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களே கண்டனத்தில் கையெழுத்திட்டார்கள். செய்தி நிறுவனம் பின்னர் பிழையை ஒப்புக்கொண்டது.

அந்த மனுக்கள் மீதான செனட் விசாரணை இழுத்தடிக்கப்பட்டு, போர் முடிந்த பிறகு, 1919 ஜனவரியில் 50க்கு 21 என்ற வாக்கில் கைவிடப்பட்டது.

1924இல் முற்போக்குக் கட்சி சார்பில் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று சுமார் 48 லட்சம் வாக்குகள் பெற்றார். வென்ற மாநிலம் ஒன்றே: விஸ்கான்சின்.