புதுக்கடையில் தட்டச்சு, கதைக்குக் கொப்பி

புனைகதையை முதலில் கையால் எழுதுவது ஈழத்துத் தமிழில் நெடுங்காலம் வேறு வழியில்லாத வழக்கமாகவே இருந்தது. ஆங்கில எழுத்தாளர்கள் பலர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தட்டச்சுப் பொறிக்குப் பழகிவிட்டார்கள். தமிழ்க் கதைக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் படியில் கால் வைக்காமலே கொப்பியிலிருந்து நேரே கணினிக்கு வந்தார்கள்.

தமிழுக்குப் பொறி இல்லாமலில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியைச் சேர்ந்த ஆர். முத்தையா சிங்கப்பூரில் வாழ்ந்த காலத்தில் தமிழ்த் தட்டச்சின் விசைப்பலகையை வகுத்தார். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் அடக்கியது அரிய சாதனை. ஆனால் 'க்' அடிக்க வேண்டுமானால் தாள் நகராத விசையில் புள்ளியை முதலில் அடித்து, 'க'வை அதன்கீழ் பிறகு அடிக்க வேண்டும். பழகிய தட்டெழுத்தாளருக்கு அது ஒரு பொருட்டல்ல. வசனத்தைத் தேடிக்கொண்டே எழுதுகிறவருக்கு இடைஞ்சல்தான். விலையும் சேர்ந்துகொள்ள, பொறி அலுவலகங்களோடு நின்றுவிட்டது. கொழும்புப் புதுக்கடையில் நீதிமன்றங்களைச் சுற்றி மனு, சத்தியக்கடதாசி, காணி உறுதி என்று தட்டச்சுக்கு ஓய்விருக்கவில்லை. அதே சுற்றுவட்டாரத்து அச்சகங்களுக்குக் கதைகள் கையெழுத்திலேயே வந்தன.

அந்த அச்சகங்கள் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. டாம் வீதியில் 'நீண்ட பயணம்' நாவலாசிரியர் செ. கணேசலிங்கனின் குமரன் அச்சகம். ஆதிருப்பள்ளித் தெருவில் எம். ஏ. ரஹ்மானின் அரசு வெளியீடு. 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, பிற்காலத்தில் அதைக் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து நடத்தினார். பிரதி கொடுப்பதற்கு எங்கும் ஒரே ஒழுங்கு: தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், இடப்புறம் ஓரம் விட்டு எழுத வேண்டும். அச்சுக்கோப்பவர் தாளைக் கண்ணெதிரே வைத்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பொறுக்குவார். மறுபக்கமும் எழுதியிருந்தால் ஒரு தாளின் இரு பக்கங்களை இருவருக்குப் பங்கிட முடியாது. 'ர'வும் காலும் ஒன்றுபோல விழுகிற கையெழுத்தென்றால் பிழை புறூவில் வந்து நிற்கும்.

இந்த ஒழுங்கு எழுத்தையே செம்மைப்படுத்தியது. அடித்தலும் அம்புக்குறியும் நிறைந்த முதற்பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்க முடியாது. முழுக்கதையையும் சுத்தமாகத் திரும்ப எழுத வேண்டும். திருத்தத்தின் பெரும்பகுதி நடந்தது அந்தப் படியெடுப்பில்தான். முந்நூறு பக்கத்தை மறுபடி எழுதுகிற கை வேண்டாத வசனத்தை இரண்டாந்தடவை சுமக்காது. ஐம்பதாம் பக்கத்தில் சொன்னதைப் பாத்திரம் இருநூறாம் பக்கத்திலும் சொன்னால் அங்கே பிடிபட்டுவிடும். கணினியில் ஒரு பந்தியை மட்டும் வெட்டி ஒட்டலாம், மற்றவை தொடப்படாமலே கிடக்கும். கையெழுத்தின் மெய்யான பலன், முழுவதையும் திரும்ப எழுத வேண்டிய இந்தக் கட்டாயந்தான். பேனையின் சுகமும் தாளின் வாசனையும் இரண்டாம்பட்சம்.

அதற்காகக் கணினியில் பெரிய புனைவு பிறக்காது என்பதற்கில்லை. தமிழக எழுத்தாளர் ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக இணையத்தில் தொடர்ந்து வெளிவந்தது. அந்த வேகத்துக்கு அச்சுக்கோப்பும் படியெடுப்பும் ஈடுகொடுத்திருக்க மாட்டா. ஆனால் இலங்கையில் கணினியின் தொடக்ககாலம் இடர் நிறைந்தது. பாமினி எழுத்துருவில் அடித்த கதையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். யுனிகோட் பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தணிந்தது.

கையெழுத்துப் பிரதிக்குப் பேராபத்து, அது ஒன்றே ஒன்றாக இருப்பது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மீட்க முடியாத ஏடுகள் அழிந்தன. 1983 ஜூலையில் வெள்ளவத்தை உட்படக் கொழும்பெங்கும் தமிழர் வீடுகள் எரிந்தபோது, உள்ளே இருந்த தாள்களுக்கும் அதே கதிதான். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் அச்சு நூல்களோடு ஏடுகளையும் கையெழுத்துச் சஞ்சிகைகளையும் படிமமாக்கி வருகிறது. இன்று கொப்பியில் எழுதுகிறவர் பக்கத்துக்கு எண்ணும் தேதியும் இட்டு, அன்றன்றே கைப்பேசியில் படமெடுத்து வேறோரிடத்திலும் சேமிக்கலாம். கணினியில் ஏற்றிய பின்னும் முதற்பிரதியை எறியாமல் வைத்திருப்பது அவசியம். அடித்து நீக்கிய வசனங்கள் அதில் மட்டுமே இருக்கும்.