‘அஃப்ரெய்ட்’ என்றால் பயமா?

“மாமா, செத்துப்போனவரைப் பார்த்து டாக்டர் ஏன் பயப்படணும்?”

பிளஸ் டூ முடித்த என் அக்கா மகள் ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்கி, ஆள் இறந்துவிட்டார் என்கிறார் டாக்டர். செல்போனில் அந்தச் சொல்லைத் தொட்டாள். ‘பயந்த’ என்று வந்தது. அவளுக்கு டாக்டர் மேலேயே சந்தேகம் விழுந்துவிட்டது.

புதிதாக நாவல் படிக்க வருகிறவர்களைக் கவிழ்ப்பது பெரிய சொற்கள் அல்ல, எல்.கே.ஜி.யிலேயே படித்த சின்னச் சொற்கள்தான். ‘புட்’ என்றால் வை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘புட் அவுட்’ என்றால் அணை. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்.

மிரள வேண்டாம். இதே வித்தையை நாமும் தினமும் செய்கிறோம். மருமகன் ‘வந்துவிட்டார்’, ‘வந்து சேர்ந்தார்’, ‘வந்து தொலைந்தார்’. வந்தது ஒரே ஆள்தான். சொல்பவரின் மனசுதான் வேறு வேறு. ‘தொலை’யை அகராதியில் தேடும் வெள்ளைக்காரருக்கு, வந்தவர் எப்படித் தொலைந்தார் என்று குழப்பம் வரும். நமக்கு வராது. யார், யாரிடம், எந்தக் குரலில் சொன்னார்கள் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். நாவலிலும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய நாவல் என்றால் காலத்தையும் பார்க்க வேண்டும். 1815-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில், பாதிரியார் எல்டன் குதிரை வண்டிக்குள் கதாநாயகியிடம் ‘மேக் லவ்’ செய்கிறார். இன்றைய பொருளில் படித்தால் விபரீதம். அன்று அதற்குக் காதலைச் சொல்லி உருகுவது என்றுதான் அர்த்தம். அந்தக் காலக் கதைகளில் வேலைக்காரர் வாசலில் நின்று, எஜமானி ‘நாட் அட் ஹோம்’ என்பார். எஜமானி மாடியில்தான் இருப்பார். இப்போது யாரையும் பார்க்க மாட்டார் என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை அது.

என் கவலையெல்லாம் செல்போன்தான். தொட்டதும் பொருள் வந்துவிடுவதால், அடுத்த வரிவரை பொறுத்திருக்கும் பழக்கமே பிள்ளைகளிடம் போய்க்கொண்டிருக்கிறது. ஊகித்து ஊகித்துத்தான் மொழி உள்ளே இறங்கும். நமக்கு யாரும் ‘தொலை’யை அகராதி வைத்து விளக்கவில்லையே! அகராதி இல்லாமல் துல்லியம் வராது என்பார்கள் ஆசிரியர்கள். புரட்டட்டும், அத்தியாயம் முடிந்த பிறகு.

அக்கா மகளுக்கு நான் விடை சொல்லவில்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டு, “மேலே படி” என்றேன். இருபது பக்கம் தள்ளி, ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று இழுத்து, ரூம் காலி இல்லை என்கிறார் ஹோட்டல்காரர். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“பயமில்லை மாமா! ‘தப்பா நினைக்காதீங்க, சொல்லச் சங்கடமா இருக்கு’ங்கிற மாதிரி!”