எம். ஜே. கோபாலன்

மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (6 ஜூன் 1909 – 21 டிசம்பர் 2003) கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரு விளையாட்டுகளிலும் இந்தியாவுக்காக ஆடிய தமிழர். செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம் சொந்த ஊர். வளர்ந்தது சென்னைத் திருவல்லிக்கேணி. சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்த ஆங்கிலேயர் சி. பி. ஜான்ஸ்டன் இவருடைய திறமையைக் கண்டு, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை கொடுத்தார். விளையாட்டால் வயிறு நிறையாத காலம் அது. அந்த வேலை இல்லையென்றால் ஆட்டமும் இல்லை.

கோபாலன் வேகப்பந்து வீச்சாளர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடினார். அதுவே அவருடைய ஒரே டெஸ்ட். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் தொடங்கியபோது, மைசூருக்கு எதிராக முதல் பந்தை வீசியவரும் இவரே. மைசூர் 48, 59 ஓட்டங்களில் சுருண்டது. சென்னையின் 130 ஓட்டங்களே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதுமானதாக இருந்தன. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது!

ஹாக்கியில் அவருடைய இடம் சென்டர் ஹாஃப், அதாவது நடுத் தடுப்பாளர். 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். அந்தப் பயணத்தில் அணி 48 ஆட்டங்களில் 584 கோல்கள் அடித்தது. அவற்றில் 201 தியான் சந்த் அடித்தவை.

மறு ஆண்டுதான் சிக்கல் வந்தது. 1936 கோடையில் ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, மறுபுறம் இங்கிலாந்தில் கிரிக்கெட் பயணம். இரண்டும் ஒரே பருவத்தில் வந்ததால் ஒன்றை விட்டாக வேண்டும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் சென்ற அந்த அணி உட்பூசலால் சிதறியது. லாலா அமர்நாத் பாதியிலேயே ஊருக்கு அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடக் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஹாக்கி அணி ஜெர்மனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது.

இதைத் தவறான முடிவு என்று எழுதுவோர் உண்டு. நடந்த பிறகு சொல்வது எளிது. டெஸ்ட் ஆடி இரண்டே ஆண்டுகள் ஆன 26 வயது இளைஞர் இங்கிலாந்து ஆடுகளங்களை விரும்பியதில் வியப்பில்லை.

அதே அணியில் சென்னையைச் சேர்ந்த இன்னொரு இரட்டை வீரரும் இருந்தார். அவர் 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடிய கோட்டா ராமசாமி. நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 ஓட்டங்கள் எடுத்தார். ஒரே பயணம், இருவருக்கும் இருவேறு கதை.

கோபாலன் பிற்காலத்தில் தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். 1952-53இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்கு 'கோபாலன் கோப்பை' என்றே பெயர். இலங்கை டெஸ்ட் தகுதி பெறுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே அந்நாட்டு வீரர்கள் சேப்பாக்கத்தில் ஆட அது வழிசெய்தது. சென்னையில் மறைந்தபோது, உயிருடன் இருந்த டெஸ்ட் வீரர்களில் உலகிலேயே மூத்தவர் கோபாலன்தான்.