மோட்டார் வண்டியின் உஷ்ண சாதனமும் அதன் இரைச்சலும்

மோட்டார் வண்டி சுகமான வாகனம் எனப் பெயர் பெறுவதற்கு மெத்தையும் ஸ்பிரிங்கும் மட்டும் போதா. உள்ளே குளிரும் இரைச்சலும் இல்லாதிருத்தல் வேண்டும். ஆனால் குளிரைப் போக்க முற்பட்டபோது இரைச்சல் உட்புகுந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஏற்கும் வெப்பத்தைச் சிறு குழாய்த் தொகுதிக்குக் கொணர்ந்து, அதன் வழியே மின்விசிறியால் காற்றைச் செலுத்தும் சாதனங்கள் 1930-களில் அமெரிக்க வண்டிகளில் பரவின. 1938-இல் நாஷ் கம்பெனி, வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உட்செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தியது. குளிர் நீங்கிற்று, விசிறியின் ஓசையோ பயணிகளின் காலடியிலேயே குடியேறிற்று.

விலையுயர்ந்த வண்டிகளில் இக்குறை பெரிதாகத் தோன்றுவது இயல்பே. அவற்றின் எஞ்சின் அமைதியாக இயங்குவதால், சிற்றொலியும் செவிக்குத் தப்புவதில்லை. மணிக்கு 60 மைல் வேகத்திலும் வண்டிக்குள் மிகுதியாகக் கேட்பது மின்கடிகாரத்தின் ஓசையே என்று 1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் வண்டிக்கு விளம்பரம் செய்யப்பட்டது.

இரைச்சலை அளக்கும் முறை

எஞ்சினை நிறுத்தி, கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடி, ஓட்டுநரின் செவி இருக்குமிடத்தில் ஒலிவாங்கியை வைத்தல் வேண்டும். விசிறி ஓடாத நிலையில் சுற்றுப்புற ஒலியை முதலில் அளந்து, பின்னர் விசிறியின் ஒவ்வொரு வேகத்திலும் அளக்க வேண்டும். இரு அளவுகளுக்கும் வேறுபாடு 10 டெசிபலுக்கு மேற்பட்டால் சுற்றுப்புற ஒலியைப் புறக்கணிக்கலாம். வேறுபாடு 3 டெசிபல் எனில் இரண்டும் சமம் என்பது பொருள். எனவே அளந்த தொகையில் 3 டெசிபலைக் கழித்தல் வேண்டும்.

விசிறியின் தகடுகளின் எண்ணிக்கையை ஒரு விநாடியில் அது சுற்றும் எண்ணிக்கையால் பெருக்கினால், அதன் ரீங்காரத்தின் அதிர்வெண் கிடைக்கும். 30 தகடுகள் கொண்ட விசிறி நிமிஷத்திற்கு 3,000 முறை சுற்றுமாயின், அது 1,500 அதிர்வுகள் கொண்ட ஒலியை எழுப்பும். அதே விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் உயரும். ஆகவே, சிறு விசிறியை விரைவாகச் சுழற்றுவதினும் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவது நலம்.

பெங்களூரில் நிகழ்ந்த ஆராய்ச்சி

மிதமான தட்பவெப்பமுடைய பெங்களூரில் உஷ்ண சாதனத்திற்கு அதிகத் தேவையில்லை. எனினும், குளிர்சாதனத்திலும் காற்றைச் செலுத்துவது இத்தகைய விசிறியே. இரைச்சல் பிரச்சினையும் ஒன்றே. அந்நகரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் எம். எல். முன்ஜால், குழாய்களின் வழியே ஒலி பரவுவதையும் அதைத் தணிக்கும் முறைகளையும் ஆராய்ந்தார். இத்துறை பற்றிய அவரது நூல் 1987-இல் வெளிவந்தது. காற்றுக் குழாயின் உட்புறத்தில் ஒலியை உறிஞ்சும் பொருளைப் பதித்தல், குழாயை இடையில் அகலமாக்கி ஒலியலையைத் திருப்பியனுப்புதல் ஆகியவை இத்துறையின் முக்கிய உபாயங்கள்.

இது சுகத்தை மட்டும் பற்றிய விஷயமன்று. ஓர் ஒலி, தன் அதிர்வெண்ணுக்கு அண்மையிலுள்ள பிற ஒலிகளை மறைக்கும் இயல்புடையது. கண்ணாடிகளை மூடிச் செல்லும் ஓட்டுநருக்கு, பின்னால் வரும் ஆம்புலன்ஸ் வண்டியின் எச்சரிக்கை ஒலி உரிய நேரத்தில் கேட்க வேண்டும். விசிறியின் இரைச்சல் அதை மறைத்தால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மேஜை விசிறியொன்றை வெவ்வேறு வேகங்களில் ஓட்டி, இதே சோதனையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அமைதி மண்டலங்களில் பகல்நேர வரம்பு 50 டெசிபல் என்பதை மாணவர் இதனுடன் ஒப்பிட்டு அறிதல் பயன் தரும்.