குளிர்காலக் குறும்பருவம்

அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் இலையுதிர்காலப் பருவம் டிசம்பரில் முடிந்து, அடுத்த பருவம் பிப்ரவரியில் தொடங்கும். இடையே எஞ்சும் ஜனவரியில் மாணவர் ஒரே ஒரு பாடத்தை மட்டும் மூன்று, நான்கு வாரங்களில் கற்று முடிப்பர். இன்று எக்கர்ட் கல்லூரி எனப்படும் ஃப்ளோரிடா பிரெஸ்பிட்டேரியன் கல்லூரி, 1960இல் வகுப்புகளைத் தொடங்கியபோதே இம்முறையைக் கைக்கொண்டது.

ஒரு வேளையில் ஒரு கலை என்னும் நெறி நமக்குப் புதிதன்று. அரபிக் கல்லூரிகளின் ஆண்டு ஷவ்வாலில் தொடங்கி ஷஅபானில் முடியும். அவ்விடுமுறையில் துணைக்கண்டத்து மதரஸாக்கள் சில, திருக்குர்ஆன் விரிவுரையை மட்டுமே நாள்தோறும் பல மணி நேரம் நடத்தும் 'தவ்ரா'வை வாசகர் அறிவர். வெளிநாட்டுப் பேராசிரியரை ஓரிரு வாரம் வரவழைத்துப் பாடம் நடத்தச் செய்யும் 'கியான்' திட்டத்தை நடுவண் அரசு 2015இல் தொடங்கியது.

எனினும் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். 45 மணி நேரப் பாடமொன்று வழக்கமான பருவத்தில் வாரம் 3 மணியாக 15 வாரம் நடைபெறும். அதையே மூன்று வாரத்தில், அதாவது 15 வேலை நாட்களில் முடிப்பதாயின் நாளொன்றுக்கு 3 மணி வகுப்பு. ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி வாசிப்பு என்று கொண்டால் மேலும் 6 மணி வேண்டும். விடுதியில் தங்குபவர்க்கு இது இயலும். இராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளர் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, மாலையில் பேருந்தேறித் திரும்பும் மாணவர்க்கு அந்த ஆறு மணி எங்கிருந்து கிடைக்கும்? தேர்ச்சி பெறாத கணிதத் தாளை இப்படி அவசரமாகப் புகட்டுவதை நாம் ஏற்கவில்லை. மெல்லக் கற்பவர்க்கே அது பெருந்தீங்கு.

களத்தில் கற்கும் பாடங்களின் நிலை வேறு. அங்கே வீட்டு வாசிப்பு குறைவு, காண்பதே பாடம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்கள் பெரும்பாலும் நீரோடு இருக்கும். நீர்வரத்து, பாசனம், பறவைகள் ஆகியவற்றைப் படிக்க இதனினும் ஏற்ற காலம் இல்லை. மேற்கே, 1988இல் அறிவிக்கப்பெற்ற சாம்பல் நிற அணில் சரணாலயம் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாக விளங்குகிறது. விலங்கியல் மாணவர்க்கு வேறென்ன வேண்டும், வனத்துறையின் அனுமதியைத் தவிர!

தடை நாட்காட்டியில் இருக்கிறது. நம் இரட்டைப் படைப் பருவம் டிசம்பரிலேயே தொடங்கிவிடுவதால் ஜனவரி ஓய்வாக இல்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் தம் நாட்களைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். இணைவு பெற்ற கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் வழிவிட வேண்டும். அதுவரை அவற்றின் கைவசமுள்ள குறும்பருவம், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றே. கண்மாய்க் கரையில் முட்செடி வெட்டும் அம்மாணவர்க்கு, அக்கண்மாயைப் பற்றி நாளுக்கொரு மணி பாடம் நடத்த எவருடைய அனுமதியும் தேவையில்லை என்றே கருதுகிறோம்.