பிழை மோட்டரில் இல்லை, வைத்த இடத்தில்

சாமானை விற்றுக் காசை லாச்சிக்குள் போட்டதோடு வியாபாரம் முடிந்துவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கின்றோம். நானும் நெடுநாளாக அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு மீன் தொட்டிதான் எனக்கு வேறு பாடம் சொல்லித் தந்தது.

குருநாகலில் உள்ள எனது ஹாட்வெயார் கடையின் ஒரு மூலையில் மீன் தொட்டிச் சாமான்களும் விற்கின்றேன். ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். கையில் ஈரம் சொட்டும் பை. உள்ளே நான் இரண்டு கிழமைக்கு முன் விற்ற பில்டர் மோட்டர்.

"நானா, இது சரியில்ல. ராவெல்லாம் ஓடுது. ஆனா விடியப் பார்த்தா மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துகொண்டு நிக்குது. நேத்து ரெண்டு கோல்ட் பிஷ் செத்துப் போச்சு" என்றார்.

"சேர், இது உங்கட தொட்டிக்குக் காணாது. பெரிய மோட்டர் ஒன்று போடுங்க" என்றேன். இந்த முறைப்பாட்டோடு வரும் எல்லோருக்கும் நான் சொல்லி வந்த பதில் அது.

அவர் விடவில்லை. "பெட்டியில மணித்தியாலத்துக்கு 300 லீற்றர் என்று போட்டிருக்கு. என்ட தொட்டி ரெண்டடி. இதுக்கு மேல என்ன பெரிசு?" என்று கேட்டார்.

அவரது கணக்குச் சரிதான். 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி, விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 56 லீற்றர் கொள்ளும். தொட்டித் தண்ணீரைப் போல் நான்கைந்து மடங்கு மணித்தியாலத்துக்கு ஓடினால் போதும் என்பது இத்தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. எனக்குப் பதில் வரவில்லை. லுஹருக்குப் பின் அவரது வீட்டுக்கே போனேன்.

பார்த்ததும் விளங்கிவிட்டது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மோட்டரைப் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால், தொட்டியின் அடியோடு அடியாக ஒட்டியிருந்திருக்கிறார். கொண்டுபோன மோட்டரை அதே இடத்தில் ஒட்டி ஓட விட்டேன். அடியில் தண்ணீர் நன்றாகச் சுழன்றது. மேற்பரப்போ கண்ணாடி போல் அசையாமல் கிடந்தது. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படையும் இருந்தது.

ஒட்சிசன் வரும் வழி

தொட்டித் தண்ணீருக்குள் ஒட்சிசன் பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகவே வருகின்றது. காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் அதே வழியால்தான். மேற்பரப்பு அசைந்தால், ஒட்சிசன் பிடித்த மேல் தண்ணீர் கீழே போய் கீழ்த் தண்ணீர் மேலே வரும். அசையாவிட்டால் மோட்டர் எவ்வளவு ஓடினாலும் பயன் குறைவு. எயார் மோட்டரின் குமிழிகள் செய்வதும் முக்கியமாக இதே வேலைதான். குமிழியிலிருந்து கரைவது கொஞ்சம். அது மேலே வந்து உடைந்து தண்ணீரைக் கலக்குவதுதான் பெரிது.

நமது வெப்பமும் இதில் சேர்கின்றது. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் அது 7½ அளவுக்கு இறங்கிவிடும். உயிர்ச் செடிகள் உள்ள தொட்டியென்றால் இரவில் அவையும் ஒட்சிசனை எடுக்கும். விடியக்காலையில் மீன் மேலே வந்து வாய் திறப்பது இதனால்தான்.

எங்கே பொருத்துவது?

நான் செய்தது இவ்வளவுதான். மோட்டரைக் கழற்றி, தண்ணீர் வெளிவரும் வாய் மேற்பரப்புக்கு அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை கீழே இருக்குமாறு மேலே ஒட்டினேன். வாயைச் சற்று மேல்நோக்கித் திருப்பினேன். சிற்றலை தொட்டியின் மறுமுனை வரை ஓடியது. கூடவே வந்த சிறு வளிக்குழாயின் மறு நுனியைத் தண்ணீருக்கு வெளியே எடுத்துவிட்டேன். மோட்டர் ஆழத்தில் இருந்தால் அக்குழாய் வளியை இழுப்பதும் குறையும்.

துளைகள் உள்ள நீள் குழாய் என்றால் மேற்பரப்பை ஒட்டிப் பொருத்த வேண்டும். உயரத்திலிருந்து விழவைத்தால் சத்தமும் தெறிப்பும்தான் கூடும். தண்ணீரை இழுக்கும் குழாய் தனியாக இருந்தால் அதைத் தாழ்வாக வையுங்கள். கண்ணாடி மூடியை இறுக மூடாமல் சிறு இடைவெளி விடுங்கள். பைட்டர் மீனுக்கு மட்டும் இது வேறு. அது மேலே வந்து வளியையே சுவாசிக்கும். வேகமான ஓட்டம் அதைக் களைக்கச் செய்யும். அதற்கு மோட்டரின் வாயைக் கண்ணாடிச் சுவரை நோக்கித் திருப்பிவிட வேண்டும்.

சரியா என்று பார்க்க ஒரு சிறு கடதாசித் துண்டைத் தண்ணீரில் போடுங்கள். அது ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றி வந்தால் சரி. மேற்பரப்பு அசைந்தும் மீன் வாய் திறந்தால் தண்ணீரில் அமோனியா கூடியிருக்கலாம். கொஞ்சம் தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைக்க வேண்டும். சேரிடம் மீனின் தொகையையும் குறைக்கச் சொன்னேன். கோல்ட் பிஷ்ஷுக்கு ஒட்சிசன் கூடுதலாக வேண்டும்.

2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது இந்த விளக்கம் பலருக்குக் கைகொடுத்தது. ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி மேலிருந்து ஊற்றினாலே மேற்பரப்பு கலங்கிவிடும்.

என் பக்கத்துப் பிழை

இப்போது கசப்பான கதைக்கு வருகின்றேன். சேருக்கு முன் இதே முறைப்பாட்டோடு வந்தவர்களுக்கு நான் பெரிய மோட்டர்களை விற்றிருக்கின்றேன். ஏமாற்றும் எண்ணத்தில் அல்ல, தெரியாமல். அவை ஓரளவு வேலையும் செய்தன. ஓட்டம் பலமாக இருந்ததால் அடியிலிருந்தே மேற்பரப்பை அசைத்தன. ஆனால் கப்பி போன்ற சிறு மீன்கள் அந்த ஓட்டத்தில் அள்ளுண்டு களைத்துப் போயின. சிலர் மீன் வளர்ப்பையே விட்டுவிட்டார்கள். அதன் பிறகு தீனி வாங்கவும் அவர்கள் கடைக்கு வரவில்லை. ஒரு மோட்டரில் கிடைத்த இலாபத்துக்காக மாதாமாதம் வரும் வாடிக்கையாளரை இழந்திருக்கின்றேன்.

இப்போது கடையில் ஒரு சிறு தொட்டியில் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கின்றது. வாங்க வருபவருக்கு அடியிலும் மேலும் வைத்து, கடதாசித் துண்டு போட்டுக் காட்டுகின்றோம். ஐந்து நிமிடம்தான் செல்லும். பெரிய மோட்டர் முன்னைப் போல் விலைப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் ஈரப் பையோடு காலையில் வருபவர்கள் அரிதாகிவிட்டார்கள்.

நீங்கள் விற்பது தண்ணீர்ப் பம்பியாக இருக்கலாம், மின்விசிறியாக இருக்கலாம். முறைப்பாடு வந்தால் அடுத்த விலைக்குரிய சாமானைக் காட்டுவதற்கு முன், விற்றதை எங்கே, எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.