பொன்னிறப் போத்தலுக்குள் எத்தனை ஆண்டுகள்?

புலம்பெயர் நாடுகளில் நடைபெறும் எமது திருமண வரவேற்புகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் விஸ்கி, பிராண்டிப் போத்தல்களுக்குப் பக்கத்தில் இப்பொழுது இன்னொரு பொன்னிறப் போத்தலையும் காண்கிறோம். அது மெக்சிக்கோ நாட்டின் டெக்கீலா. நிறம் கூடினால் வயது கூடியது, வயது கூடினால் தரம் கூடியது என்று எண்ணிக் கூடிய விலையும் கொடுக்கிறோம். இந்தக் கணக்கு சரிதானா?

டெக்கீலா கள்ளிச்செடியிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கின்றனர். அது நீல அகாவே என்ற, பெரிய கற்றாழை போலத் தோன்றும் செடியிலிருந்து வருவது. ஹலிஸ்கோ மாநிலத்திலும் வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் செய்யப்படுவதற்கே அந்தப் பெயர் உரியது என்பது மெக்சிக்கோ அரசின் விதி.

நட்ட செடி முதிர்வதற்குப் பொதுவாக 6 முதல் 8 ஆண்டுகள் வரை செல்லும். பனை ஆண்டுதோறும் பாளை தரும். அகாவேயோ வாழ்நாளில் ஒருமுறை பூத்து மடிந்துவிடும். பூப்பதற்காகச் சேர்த்து வைத்த சத்து வீணாகாதிருக்கப் பூந்தண்டை முளையிலேயே வெட்டிவிடுவார்கள். பின்னர் அறுவடைத் தொழிலாளர்கள் நீண்ட பிடியுள்ள கூரிய கருவியால் இலைகளைச் சீவி எறிய, பெரிய அன்னாசிப்பழம் போன்ற நடுப்பகுதி மிஞ்சும்.

அதைச் செங்கல் அடுப்பில் ஒன்றிரண்டு நாட்கள் நீராவியில் அவிப்பது பழைய முறை. அவியும்போதுதான் உள்ளிருக்கும் மாச்சத்து போன்ற பொருள் சர்க்கரையாகிறது. பிறகு நசுக்கிச் சாறெடுத்து, சில நாட்கள் புளிக்க வைத்து, இரண்டு தடவை வடிப்பார்கள். வடித்தெடுத்த சாராயம் தண்ணீர் போல நிறமற்றது.

நிறம் வருவது ஓக் மரத்திலிருந்து. அமெரிக்காவின் பேர்பன் விஸ்கியைப் புதிய பீப்பாயில்தான் முதிர விடவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே அங்கு ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் பல மெக்சிக்கோவுக்கு வருகின்றன. இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் மரத்தில் இருந்தால் ரெப்போசாடோ. ஓராண்டு இருந்தால் அன்யேஹோ. மூன்றாண்டு இருந்தால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ. பின்னைய இரண்டுக்கும் பீப்பாய் 600 லீற்றருக்கு மேற்படக்கூடாது. பீப்பாய் சிறிதானால் சாராயத்தில் மரம் படும் அளவு கூடும்.

இனிச் சுவை. மரம் காணாத பிளாங்கோவில் அவித்த அகாவேயின் இனிப்பு, மிளகுக் காரம், தேசிக்காய் மணம் மூன்றும் நேராகத் தெரியும். ரெப்போசாடோவில் தேனும் வனிலாவும் கறுவாவும் மெல்லத் தலைகாட்டும். அன்யேஹோவில் காய்ச்சிய சீனிப்பாகு, உலர்ந்த பழம், கொக்கோ, மரத்தின் துவர்ப்பு. எக்ஸ்ட்ரா அன்யேஹோ சில வேளைகளில் கொன்யாக் பிராண்டியோ என்று எண்ண வைக்கும்; அகாவேயின் குரல் அமுங்கிவிடும். ஆகவே வயது கூடுவது சுவை மாறுவதேயன்றித் தரம் உயர்வதென்று சொல்லமுடியாது.

அப்படியானால் விலை ஏன் கூடுகிறது? கணக்காளர்களாகிய எமக்கு இது விளங்கும். வயலில் 6 ஆண்டு, பீப்பாயில் 3 ஆண்டு என்றால், போட்ட முதல் 9 ஆண்டுகள் முடங்கிக் கிடக்கிறது. அந்த ஆண்டுகளில் பீப்பாயிலிருந்து ஒரு பங்கு ஆவியாகியும் போகிறது. மிஞ்சியதன் தலையில்தான் முழுச் செலவும் ஏறும். இது நேர்மையான விலை.

ஆனால் குறுக்குவழியும் உண்டு. நிறத்துக்குக் கருக்கிய சீனி, ஓக் மரச்சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை ஒரு வீதம் வரை சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. எனவே கடும் பொன்னிறம் வயதுக்குச் சாட்சியாகாது. மறுபுறம், கிறிஸ்டலினோ எனப்படும் வகை பீப்பாயில் முதிர்ந்தபின் கரியால் வடிகட்டி நிறம் நீக்கப்படுவது. நிறமில்லாததால் அது இளையதும் அல்ல.

ஆகவே நிறத்தை விட்டு, ஒட்டியிருக்கும் தாளைப் படிப்போம். "100 வீதம் அகாவே" என்று இருக்கிறதா? இல்லையெனில் சர்க்கரையில் 51 வீதம் மட்டும் அகாவேயிலிருந்து வந்திருந்தாலும் போதும்; மீதி கரும்பாக இருக்கலாம். வெறுமனே "பொன்" என்று எழுதியிருப்பது வயதைக் குறிப்பதல்ல; மேலே சொன்ன வகைப்பெயரே வயதைச் சொல்லும். "நோம்" என்பதற்கு அருகிலுள்ள நான்கு இலக்கங்கள் வடிசாலையைக் காட்டும். இரண்டு வேறு பெயர்ப் போத்தல்களில் அதே இலக்கம் இருந்தால், இரண்டும் ஒரே வடிசாலையில் வடித்தவை.

அருந்துபவர்கள் முதிர்ந்த வகையை உப்பும் தேசிக்காயும் வைத்து ஒரே மடக்கில் விழுங்கவேண்டாம். சிறிய அளவில், மணம் பார்த்து, மெதுவாக அருந்துவதே முறை. ஒரு செடியின் ஆயுள் முழுவதும் அந்தப் போத்தலுக்குள் செலவாகியிருக்கிறது. வாங்காதவர்களுக்கும் இந்த அறிவு பயன்படும்: அடுத்த விழாவில் பொன்னிறத்தைக் காட்டி யாராவது பெருமை பேசினால், பின்பக்கத் தாளைத் திருப்பிக் காட்டச் சொல்லலாம்.